ராடில் தழும்பு விழாமல் பிடிப்பது: பெங்களூரில் போர்வெல் வண்டி ஏறுபவர்களுக்கு

ராடு என்பது போர்வெல் துளைக்குள் ஒன்றோடொன்று மரையால் மாட்டி இறக்கும் இரும்புக் குழாய். மாட்டவும் கழற்றவும் அதை ரிஞ்சாலும் ஸ்பேனராலும் பிடிப்பது ஹெல்ப்பரின் வேலை. முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நமக்கு ‘பிடி’ என்றால் இறுகப் பற்று என்று அர்த்தம். பெங்களூரில் கன்னடம் பேசுகிறவர், ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற ப-வைப் போட்டு ‘பிடி’ என்று கத்தினால், விட்டுவிடு என்று அர்த்தம். பிடிக்கச் சொல்ல அவர்களிடம் ‘ஹிடி’ இருக்கிறது. கம்ப்ரஸர் உறுமும்போது இந்த இரண்டு ப-வுக்கும் வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. சர்ஜாபுரா ரோடு பக்கம் ஒரு சைட்டில், பக்கத்தில் நின்றிருந்த வீட்டுக்காரர் பதறிப்போய் “பிடி, பிடி” என்று கத்தினார். ஊரிலிருந்து வந்து மூன்றே நாளான பையன் இன்னும் இறுக்கிப் பிடித்தான். செயினால் சுற்றிப் பல்லால் கவ்வும் செயின் ரிஞ்ச் வழுக்கி, ராடைச் சுற்றி அரை வட்டத்துக்கு உழுதுவிட்டது. பையனின் விரல் தப்பியது, ராடு தப்பவில்லை. அன்றிலிருந்து எங்கள் வண்டியில் கைச்சாடை மட்டும்தான். விரித்த கை என்றால் நிறுத்து, மூடிய முஷ்டி என்றால் பிடி, கையை வெளிப்பக்கம் வீசினால் விடு. நீங்கள் ஏறும் வண்டியில் என்ன சாடை என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது ஒரே வண்டியில் தமிழ், கன்னடம், இந்தி, ஒடியா எல்லாம் ஓடுகிறது. வாய்ச்சொல்லை நம்ப முடியாது.

டிஎன் 34 என்ற எண்ணோடு திருச்செங்கோட்டிலிருந்து வரும் வண்டிகளில்தான் நானும் ஹெல்ப்பராக ஆரம்பித்தேன். அப்போது எனக்கு யாரும் பிடிக்கக் கற்றுத்தரவில்லை. “இறுக்கிப் பிடிடா” என்பது மட்டும்தான் பாடம். இறுக்கிப் பிடிப்பதால் ராடு கெடுவது குறைவு, பிடி நழுவுவதால்தான் கெடுகிறது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின.

ஒரு கீறலுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

ஜவுளிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு, மீதி கையாலேயே கிழிந்துகொண்டு போகும். ராடிலும் அதுதான் நடக்கிறது. ரிஞ்சின் பல் குறுக்குவாட்டில் போட்ட பள்ளம் அந்த நறுக்கு. துளை எவ்வளவு நேராக இருந்தாலும் ராடு கொஞ்சம் வளைந்துதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தப் பள்ளம் ஒரு தரம் திறந்து ஒரு தரம் மூடும். நிமிடத்துக்கு 25 சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 1,500 தரம். அதோடு அடியில், காற்றழுத்தத்தில் பாறையை இடிக்கும் ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பள்ளத்தின் அடியிலிருந்து முடி அளவு வெடிப்பு ஒன்று கிளம்பும். அது கண்ணுக்குத் தெரியாது. மூன்று, நான்கு பாயிண்ட், அதாவது துளை, ஓடியபிறகு ஒரு நாள், ஆயிரம் அடியில், சத்தமே இல்லாமல், ராடைச் சுழற்றும் ஹெட் இலகுவாகச் சுற்ற ஆரம்பிக்கும். அப்போது பாறையைக் குடையும் முனையான பிட், ஹேமர், கீழே இருக்கும் ராடுகள் எல்லாம் குழிக்குள் போய்விட்டன என்று அர்த்தம். எடுக்க முடிந்தால் அதிர்ஷ்டம். முடியாவிட்டால் வீட்டுக்காரருக்குத் துளை போச்சு, முதலாளிக்கு இரும்பு போச்சு.

இதில் எடையும் சேர்கிறது. ராடு நான்கரை அங்குலம், அதாவது 114 மி.மீ. விட்டம், சுவர் 6 மி.மீ. தடிப்பு என்று கொண்டால் மீட்டருக்குச் சுமார் 16 கிலோ வரும். 20 அடி ராடு ஒன்று நூறு கிலோவைத் தொடும். ஆயிரம் அடிக்கு 50 ராடு, ஆக 5 டன் தொங்குகிறது. துளை வாய்க்கு மேலே இருக்கும் டேபிளில், ராடின் கழுத்தில் சீவிய ஒரு ஜோடித் தட்டையில் ஸ்பேனரைச் செருகி நிறுத்தும்போது நீங்கள் பிடித்து வைத்திருப்பது ஒரு லாரிச் சுமையை. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ராடில் எதைப் பிடிக்கலாம்

ஏறிய முதல் நாள், வண்டி ஓடாத நேரத்தில், ஒரு ராடைக் கீழே போட்டு ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கையால் தடவிப் பாருங்கள். நடுவில் நீளமாக இருப்பது மெல்லிய குழாய். அதை வயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் தடித்த இரும்பு ஒட்டியிருக்கும், அது கழுத்து. கழுத்தில் எதிரெதிராக இரண்டு பக்கம் தட்டையாகச் சீவியிருப்பார்கள். ஸ்பேனர் உட்காருவதற்காகவே சீவியது அது. கழுத்துக்குள்தான் மரை இருக்கிறது.

பிடிக்க வேண்டிய இடம் அந்தத் தட்டை. தட்டை தேய்ந்து வழுவழுத்துப் போயிருந்தால், அடுத்தபடியாகக் கழுத்தின் தடித்த பகுதி. வயிற்றில் ரிஞ்ச் போடவே கூடாது. 6 மி.மீ. சுவரைச் செயினால் நெரித்தால் பல் பதிவது ஒரு பக்கம், குழாயே லேசாக முட்டை வடிவமாகிவிடுவது இன்னொரு பக்கம். கழுத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பெண் மரை இருக்கும் முனையின் விளிம்போரமாகப் பிடிக்காதீர்கள். அங்கே மரை வெட்டியதால் சுவர் மெலிந்திருக்கும். வெளியே நெரித்தால் உள்ளே மரை நசுங்கி, அடுத்த ராடு கோணலாக ஏறிக் கடித்துக்கொள்ளும். விளிம்பிலிருந்து தள்ளி, திடமான பகுதிக்கு வாருங்கள்.

முதலில் துடையுங்கள்

சிரிக்காதீர்கள், பாதி வேலை இதுதான். லால்பாக்கில் குன்று மாதிரி எழுந்து நிற்கும் பாறையைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 300 கோடி வருடப் பழசு அது. இந்த ஊரில் நாம் குடைவது பெரும்பாலும் அதன் உறவுக்காரக் கல்லைத்தான். அதிலிருந்து வரும் தூளில் குவார்ட்ஸ் நிறைய, இரும்பையே அராவிவிடும். தண்ணீரோடு சேர்ந்து ராடின்மேல் சாந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் ஸ்பேனரை வைத்தால் ஸ்பேனருக்கும் ராடுக்கும் நடுவே எமரி தாளை வைத்த மாதிரி. அதோடு மரையிலிருந்து வழியும் கிரீஸும் சேர்ந்தால் பிடி கட்டாயம் நழுவும்.

ஜாயிண்ட் டேபிளுக்கு மேலே வந்து நின்றதும், ஹெட் முழுதாக நின்றபிறகு, ஒரு சாக்குத் துணியால் தட்டையையும் கழுத்தையும் துடைத்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. ரிஞ்சின் பல்லுக்குள் அடைந்திருக்கும் சேற்றைக் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். மொட்டையான பல்லும் அடைத்துப்போன பல்லும் ஒன்றுதான், இரண்டுமே முதலில் வழுக்கும், அப்புறம் உழும். கூரான, சுத்தமான பல் ஒரே இடத்தில் பதிந்து நிற்கும்.

டேபிளில் நிறுத்தும்போது

ராடு முழுவதும் நிற்பதற்கு முன்னால் ஸ்பேனரை உள்ளே தள்ளாதீர்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு இது. ராடு இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஸ்பேனரைத் தள்ளி அதில் போய் உட்காரவிடுவார்கள். பல டன் எடை ஒரு விளிம்பில் வந்து ‘டங்’ என்று விழும். தட்டையின் மூலை மழுங்கிவிடும். மும்பைக் கடலில் பாம்பே ஹை எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்த ஒரு நண்பர், அவர்கள் ஊரில் ராடைத் தாங்கும் ஆப்புக் கட்டைகளைப் பற்றிச் சொல்வார். ஸ்லிப்ஸ் என்று பெயர். ஓடும் பைப்பை நிறுத்த ஸ்லிப்ஸைப் போடுகிறவனை அன்றைக்கே இறக்கிவிடுவார்களாம். ஸ்லிப்ஸும் ஸ்பேனரும் நின்ற பைப்பைத் தாங்கத்தான், பிரேக் போட அல்ல. நம் வண்டிக்கும் அதே விதி.

வண்டியை இயக்கும் டிரில்லர் தட்டையை ஸ்பேனருக்கு நேராகத் திருப்பி நிறுத்துவார். நீங்கள் கண்ணால் பார்த்து, தட்டை இரண்டும் ஸ்பேனர் வாய்க்கு இணையாக இருக்கிறதா என்று உறுதி செய்தபிறகு தள்ளுங்கள். ஸ்பேனர் கடைசி வரை உள்ளே போய் முட்ட வேண்டும். பாதியில் நின்றால் எடை முழுவதும் இரண்டு மூலையில் நிற்கும். சம்மட்டியால் தட்டி உள்ளே ஏற்ற வேண்டியிருந்தால் எங்கேயோ தப்பு. ஒன்று ராடு சரியாகத் திரும்பவில்லை, இல்லாவிட்டால் தட்டையில் பிசிறு இருக்கிறது.

ஸ்பேனரும் தேயும். வாய் அகன்றுபோன ஸ்பேனர் தட்டையின் நடுவில் பிடிக்காது, மூலையில் பிடித்து உருட்டும். செருகியபிறகு அகலமான இடைவெளி தெரிந்தால் முதலாளியிடம் சொல்லுங்கள். ஸ்பேனரில் வெல்டிங் வைத்து அரைத்துச் சரிசெய்யலாம். ஆனால் ராடின் கழுத்தில் சைட்டிலேயே வெல்டிங் வைத்துத் தட்டையை நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். அந்த இரும்பு சூடேற்றிப் பதப்படுத்தியது. வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

உயிருக்கான ஒரு வார்த்தை: மரையைக் கழற்றும் முன் காற்று முழுவதும் வெளியேறிவிட்டதா என்று டிரில்லரிடம் கேளுங்கள். கம்ப்ரஸரை அடைத்துவிட்டாலும் ராடுகளுக்குள் அழுத்தம் நின்றிருக்கும். அப்புறம், லுங்கி வேண்டாம். சுற்றும் ராடுக்குப் பக்கத்தில் தொங்கும் எந்தத் துணியும் வேண்டாம்.

கழற்ற மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஜாயிண்ட்

ராடைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். ஹேமர் அடி வாங்க வாங்க மரை தானாகவே இறுகிக்கொண்டே போகும். எட்டு மணி நேரம் ஓடியபிறகு ஹெட் பின்னால் சுற்றினாலும் கழலாது. ராத்திரி இரண்டு மணி, முப்பதுக்கு நாற்பது அடி சைட், காம்பவுண்டுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆள் நிற்க இடமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து திட்டுகிறார். அப்போதுதான் ரிஞ்சின் கைப்பிடியில் நீள பைப்பைச் செருகி நாலு பேர் தொங்குவார்கள்.

அதில் என்ன ஆகிறது என்று கணக்குப் போடுங்கள். ஒரு மீட்டர் கைப்பிடியில் ஓர் ஆள் 40 கிலோ விசை கொடுக்கிறான். ராடின் ஆரம் 57 மி.மீ. ஆக, ராடின் பரப்பில் ரிஞ்ச் கொடுக்கும் விசை சுமார் 700 கிலோ. கைப்பிடியை இரண்டு மீட்டராக்கினால் 1,400. அவ்வளவும் நாலைந்து பல் நுனியில். இரும்பு அதைத் தாங்காது, உழத்தான் செய்யும்.

அதனால் விசையைக் கூட்டுவதை விட்டு, பிடியைப் பரப்புங்கள். கீழ் ராடு ஸ்பேனரில், டேபிளில் தாங்கி இருக்கட்டும். மேல் ராடில் ஹைட்ராலிக் ரிஞ்ச் இருந்தால் அதுதான் நல்லது. அதன் வாய் சமமாக அழுத்தும், மெதுவாகத் தள்ளும். கைச்செயின் ரிஞ்ச்தான் என்றால், ராடின் விட்டத்துக்கு ஏற்ற அளவுடையதாக இருக்க வேண்டும். செயின் தொளதொளவென்று இருந்தால் ஒரு பல் மட்டும் குத்தும். கடைசிக் கண்ணி வரை இழுத்து மாட்டி, முதலில் மெதுவாக அழுத்திப் பல் பதிகிறதா என்று பாருங்கள். பதிந்தபிறகுதான் முழு விசை. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஒரு தடவை நழுவினால் அதே இடத்தில் மறுபடி போடாதீர்கள், அது ஏற்கனவே உழுத நிலம், மறுபடியும் நழுவும். துடைத்துவிட்டு, கழுத்திலேயே வேறு இடத்தில் போடுங்கள். கைப்பிடி சுற்றிவரும் பாதையில் யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான்.

கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவது, சம்மட்டியால் கழுத்தில் அடிப்பது இரண்டும் வேண்டாம். சூடு பதத்தைக் கெடுக்கும், அடி மரையைக் கெடுக்கும். இதைச் சொன்னால் “இத்தனை வருஷமா இப்படித்தானுங்க கழட்டறோம்” என்பார்கள். அவர்கள் வண்டி ராடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

மரை கடித்துக்கொள்ளாமல் இருக்க வழி, ஏற்றும்போதே இருக்கிறது. இரண்டு மரையையும் துடையுங்கள். தாமிரமோ துத்தநாகமோ கலந்த மரை கிரீஸை, மரை முடியும் தோள் வரைக்கும் தடவுங்கள். சாதாரண வண்டி கிரீஸ் அந்த அழுத்தத்தில் பிதுங்கி ஓடிவிடும். மேல் ராடை நேராக நிறுத்தி, முதல் இரண்டு சுற்றை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். எங்கள் வண்டியில் கிரீஸ் டப்பாவுக்கு மூடி போடாத ஹெல்ப்பருக்கு அன்று டீ கிடையாது. தூள் விழுந்த கிரீஸ் கிரீஸே அல்ல.

ஹேமர்

ஹேமரின் வெளிக்கூடு உறை மாதிரி தெரிந்தாலும், அதற்குள் மயிரிழை இடைவெளியில் பிஸ்டன் ஓடுகிறது. கூட்டின் நடுவில் ரிஞ்ச் போட்டு நெரித்தால் உள் வட்டம் கெட்டு பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். மேல் மூடியில் தட்டை உண்டு, அங்கே பிடியுங்கள். பிட்டைக் கழற்ற, பிட்டின் வடிவத்துக்கே செய்த பெட்டி இருக்கிறது, அதில் உட்காரவைத்துக் கழற்றுங்கள். கூட்டிலேயே பிடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பகுதியில் பிடிக்கலாம் என்று அந்த ஹேமரின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். அதைப் பாருங்கள்.

தட்டை இல்லாத பைப்புகள்

ராடை விட்டால் நம் கைக்கு வருவது துளை இடியாமல் காக்கும் கேசிங், மோட்டாரைத் தொங்கவிட்டு இறக்கும் ‘காலம்’ (column) பைப், சில இடத்தில் கோர் டியூப். இவற்றில் ஸ்பேனர் வைக்க இடமே இருக்காது. இங்கே பல்லுக்குப் பதில் உராய்வை நம்ப வேண்டும்.

மாட்டுக் கயிற்றை முளைக்குச்சியில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியைச் சின்னப் பையன் பிடித்திருந்தாலும் மாடு இழுத்துக்கொண்டு போக முடியாது. பெல்ட் ரிஞ்ச் அப்படித்தான் வேலை செய்கிறது. பட்டை பைப்பைச் சுற்றி முழுவதும் படிகிறது, இழுக்க இழுக்கத் தானே இறுகுகிறது, ஒரு கீறல் விழாது. எஸ்.ஜே.பி. ரோடு கருவிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பிவிசி காலம் பைப்புக்கு இதைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். பிளாஸ்டிக்கில் பல் போட்ட கீறல், மோட்டார் ஒவ்வொரு முறை ஓடி நிற்கும்போதும் வரும் உதறலில் வளரும். ஜிஐ பைப்பில் வேறு கதை. அங்கே பல் உரிப்பது துத்தநாகப் பூச்சை. பூச்சு போன இடத்தில் துரு ஆரம்பித்து, மரையோரமாகவே பைப் ஓட்டையாகும்.

இரண்டு பாதிக் கிளாம்ப் போட்டுத் தொங்கவிடும்போது கிளாம்பின் உள்விட்டம் பைப்பின் வெளிவிட்டத்தோடு ஒத்துப்போக வேண்டும். பெரிய கிளாம்பைப் போட்டு போல்ட்டை முறுக்கினால் அது இரண்டு கோட்டில் மட்டும் தொட்டு, பைப்பை நசுக்கும், அப்படியும் வழுக்கும். உள்ளே ரப்பர் ஷீட்டோ பழைய கன்வேயர் பெல்ட் துண்டோ வையுங்கள். அதில் எண்ணெய் படக் கூடாது. போல்ட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்குங்கள், இரண்டு பக்க இடைவெளியும் ஒரே அளவில் தெரிய வேண்டும். கனமான பைப்பில் உராய்வை மட்டும் நம்பாமல், கிளாம்ப் எப்போதும் பைப்புகளை இணைக்கும் காலருக்கு அடியில் நிற்கும்படி போடுங்கள். கிளாம்ப் வழுக்கினாலும் காலர் தாங்கும்.

மெட்ரோவுக்கும் அடுக்குமாடிக்கும் பரிசோதனைக்குப் பாறைத் துண்டு எடுக்கும் கோர் வண்டிக்குப் போனால் அங்கே பிடி இன்னும் நாசூக்கானது. உள் டியூப் தகடு மாதிரி மெல்லியது. பைப் ரிஞ்ச் ஒரு தரம் பட்டால் போதும், அப்புறம் பாறைத் துண்டு உள்ளே சிக்கும். அதற்கென்று முழு வட்டமாகச் சுற்றிக் கவ்வும் பார்மலீ ரிஞ்ச் உண்டு. உள்பக்கம் பல் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். அந்த வண்டிகளில் பைப் ரிஞ்சைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பதே நல்லது.

ஏற்றி இறக்கும்போது விழும் காயம்

ரிஞ்சை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லாரியில் ராடை உருட்டி ஒன்றின்மேல் ஒன்று போடுவது, கம்பி வடத்தால் வயிற்றைக் கட்டித் தூக்குவது, மரை மூடி இல்லாமல் மண்ணில் ஊன்றுவது, இதிலேயும் நிறைய ராடு கெடுகிறது. நைலான் பெல்ட்டால் தூக்குங்கள், நடுநடுவே மரக்கட்டை வையுங்கள், மூடியைத் தொலைக்காதீர்கள்.

தழும்பு விழுந்துவிட்டால்

முதலில் விரல் நகத்தை அதன்மேல் நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் மாட்டினால் கவனிக்க வேண்டிய பள்ளம். எழும்பி நிற்கும் பிசிறை அரத்தால் சீவி, பிறகு எமரி தாளால் ராடின் நீளவாக்கிலேயே தேயுங்கள், சுற்றுவாக்கில் வேண்டாம். கூர்மையான அடி உருண்டு மழமழவென்று ஆக வேண்டும். கிரைண்டரைப் போட்டுச் சிவக்கச் சிவக்க அரைக்காதீர்கள்.

வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க மூன்று ஸ்பிரே டப்பா போதும். ஒன்று துடைக்க, ஒன்று சிவப்புச் சாயம், ஒன்று வெள்ளைப் பவுடர். துடைத்துக் காயவைத்துச் சாயத்தை அடித்து ஒரு பத்து, பதினைந்து நிமிடம் விடுங்கள். மேலே இருக்கும் சாயத்தைத் துணியால் துடைத்துவிட்டு வெள்ளையை அடியுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த சாயம் கசிந்து மெல்லிய சிவப்புக் கோடாக வெள்ளையில் தெரியும். கழுத்தும் வயிறும் சேரும் இடத்திலும், மரையின் கடைசிச் சுற்றிலும் முதலில் பாருங்கள்.

சிவப்புக் கோடு தெரிந்த ராடை ஓரமாகச் சாத்தி வைக்காதீர்கள். ராத்திரி ஒரு ராடு குறைகிறது என்றால் யாராவது அதைத்தான் எடுத்து மாட்டுவார்கள். அன்றைக்கே நடுவில் இரண்டாக அறுத்துவிடுங்கள்.